உப்பு யார் பார்ப்பது?

எனக்கு ஒரு இருமல் உண்டு. சளியும் இல்லை, காசமும் இல்லை. பக்கத்தில் இருப்பவர்கள் யாராவது ஊர்க்காரர்களிடம் "ஏன்?" என்று வாயெடுத்தால் அது தானாக வந்துவிடும். வேலையில் இருந்தபோது இதற்கு மாணவர்கள் மருந்து வாங்கித் தந்ததுண்டு. விஷயம் புரிந்த பிறகு, என் முதுகுக்குப் பின்னால் என்னைப்போலவே இருமிக் காட்டிச் சிரித்ததும் உண்டு.

போன ஆனி மாதம் அது மறுபடி வந்தது. செல்வி தன் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு கள்ளக்குறிச்சியில் என் வீட்டுக்கு வந்திருந்தாள். என்னிடம் ஆய்வு செய்தவள், இப்போது ஒரு கல்லூரியில் சமூகவியல் துறைத் தலைவி. அவள் கூட்டி வந்த பெண் ஒருத்தி கையடக்கக் கணினியைத் தட்டி, தாங்கள் ஊர் ஊராகக் கொண்டுபோகப் போகும் கேள்விகளைக் காட்டினாள். "உங்கள் மதம் எது?" என்பதற்கு ஒன்றைத்தான் தொட முடியும். "வேறு மதத்தாரின் விழாவில் கலந்துகொள்வீர்களா?" அதற்குக் கீழே "ஏன்?" என்று ஒரு கட்டம். அதை நிரப்பாவிட்டால் அடுத்த பக்கம் திறக்காதாம். நான் இருமினேன். செல்வி தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். மற்ற பிள்ளைகள் எனக்குத் தண்ணீர் கொண்டுவர ஓடினார்கள்.

"மேடம், இவங்களுக்கு அந்த உப்புக் கதையச் சொல்லுங்க. நான் சொன்னா நம்ப மாட்டேங்கறாங்க" என்றாள் செல்வி. அன்றைக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் முன்னும் பின்னுமாக இருக்கும்.

நான் நைனார்பாளையத்துக்காரி. கரும்பும் மரவள்ளியும் போட்ட வீடு. சமூகவியல் எம்.ஏ. சேரப் போகிறேன் என்றபோது என் அப்பா, "அது இன்னா படிப்பு?" என்று கேட்டார். ஊர் ஊராகப் போய், ஜனங்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று கேட்டு எழுதுகிற படிப்பு என்றேன். "ஊர்க்கதை பேசறதுக்குப் பட்டமா! உங்க அத்தைக்கு ரெண்டு பட்டம் குடுத்திருக்கணுமே" என்றார். ஆனாலும் சேர்த்துவிட்டார். எம்.ஏ. முடிந்தது, ஆய்வு தொடங்கியது, வேலை கிடைத்தது, கல்யாணம் ஆயிற்று. இந்த வருஷங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. எல்லோருக்கும் நடப்பதுதான்.

எனக்கு நடந்த பெரிய நல்லது, எங்கள் சார். ஆய்வுக்கு வழிகாட்டி. பெயரைச் சொல்லவில்லை. நாம் எழுதுவதில் ஊர்ப்பெயர், ஆள்பெயர் உள்ளபடி வரக் கூடாது என்று கற்றுக்கொடுத்தவரே அவர்தான், அவர் பெயரையே போட்டு உடைப்பானேன். எனவே இதில் வரும் மற்றவர்களின் பெயர்களும் நான் வைத்தவைதான்.

சார் ஒல்லியாக, நெட்டையாக இருப்பார். சட்டைப் பையில் எப்போதும் பொட்டுக்கடலை. கிராமத்துக்குள் நுழையும்போது வாயில் இரண்டு போட்டுக்கொள்வார். வாயில் ஏதாவது இருந்தால் அவசரப்பட்டுப் பேச மாட்டோமாம். யார் எதைச் சாப்பிடக் கொடுத்தாலும் சாப்பிடுவார். சாப்பிடும்போது எழுத மாட்டார், எழுதவும் விடமாட்டார். அவர் ஜனங்களிடம் கேட்ட கேள்விகள் மொத்தமே மூன்றுதான்: யார்? எப்படி? அப்புறம்? கடைசிக் கேள்வியை அவர் கேட்கிற விதம் அலாதி. குழந்தை கதை கேட்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டு "அப்புறம்?" என்பார். எதிரில் இருப்பவர் அடுப்பில் வைத்ததை மறந்துவிட்டுச் சொல்லிக்கொண்டே போவார். எல்லாம் கேட்டு முடித்ததும், கேட்டதை அவர்களிடமே திருப்பிச் சொல்ல வேண்டும். அவர்கள் "ஆமா, அப்படித்தான்" என்று சொல்லும்வரை அந்த இடத்தைவிட்டு நகரக் கூடாது. "இல்ல, இல்ல" என்று அவர்கள் திருத்துகிறார்களே, ஆராய்ச்சி என்பதே அந்தத் திருத்தம்தான் என்பார்.

ஒருமுறை என் கட்டுரையில் "மத நல்லிணக்கம்" என்று எழுதிவிட்டேன். சிவப்புப் பென்சிலால் அதை மட்டும் வட்டமிட்டு, "இது யார் வீட்டுச் சாமான்? ஊர்ல யாராவது இந்த வார்த்தையச் சொன்னாங்களா?" என்று கேட்டார். சொல்லவில்லைதான். அதற்குப் பிறகு அந்தச் சொல்லை நான் மேடையில் வாழ்த்துரை வழங்கும்போது மட்டும் பயன்படுத்தி வந்திருக்கிறேன்.

இருமலும் அவருடையதுதான். நான் அதை வாங்கிக்கொண்ட இடம் கல்வராயன் மலை. கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலைக்கு பஸ். அங்கே இறங்கி, சாமை விளைந்த காடுகளுக்கு ஊடே நடந்து ஒரு சின்ன ஊருக்குப் போனோம். ஒரு வீட்டில் வேகவைத்த மரவள்ளிக்கிழங்கைத் தட்டில் வைத்துக் கொடுத்தார்கள். சுவரில் பெருமாள் படமும் மாதா படமும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டியிருந்தன. இரண்டுக்கும் சேர்த்து நீளமாக ஒரே பூச்சரம். எனக்குப் புதையல் கிடைத்த மாதிரி இருந்தது. வீட்டுக்கார அம்மாவைப் பார்த்து, "ஏன்…" என்று ஆரம்பித்தேன். சார் இருமினார். நான் நிறுத்தி, மறுபடி ஆரம்பித்தேன். மறுபடி இருமினார். கிழங்கு தொண்டையில் சிக்கிவிட்டது என்று பயந்து, அந்த அம்மா சொம்பைக் கொண்டுவந்து நீட்டினார்.

தண்ணீரைக் குடித்துவிட்டு சார் கேட்டார்: "இந்தப் பூவ யாரும்மா கட்டறது?"

"எங்க சின்ன மருமவதான். மாதா அது பொறந்த வூட்ல இருந்து வந்தது. ரெண்டு சாமிக்கும் ஒரே சரமாப் போட்டுடும்."

"அப்புறம்?"

அப்புறம் என்ற அந்த ஒரு சொல்லுக்கு, மருமகள் வந்த கதை, அவளுக்குப் பிரசவமான கதை, எந்தப் பண்டிகைக்கு யார் வீட்டில் யார் மாவு இடிப்பார்கள் என்ற கதை எல்லாம் வந்தன. நான் கேட்க இருந்த "ஏன்" அதற்குள்ளேயே எங்கோ இருந்தது, ஆனால் யாரும் அதை எடுத்துக் கையில் கொடுக்கவில்லை.

மலை இறங்கும் பஸ்ஸில் சார் சொன்னார். அவர் இளைஞராக இருந்தபோது வேறொரு ஊரில், இதே மாதிரி இரண்டு படம் மாட்டிய வீட்டில், ஏன் என்று கேட்டிருக்கிறார். வீட்டுக்காரர் தலையைச் சொறிந்து, யோசித்து, ஏதோ ஒரு பதில் சொல்லியிருக்கிறார். அடுத்த தடவை போனபோது ஒரு படம் இல்லை. ஆணி மட்டும் இருந்ததாம்.

"எந்தப் படம் சார் இல்ல?" என்றேன்.

"அதச் சொன்னா நீ கட்சி கட்டுவ" என்றார். பிறகு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, "ஏன்னு கேட்டா பதில் வந்துடும்மா. அதான் ஆபத்து. அதுவரைக்கும் அந்த மனுஷனுக்குக் காரணம்னு ஒண்ணு இல்ல, பழக்கம்தான் இருந்தது. காரணம்னு ஒண்ண வாயால சொல்லிட்டா, அது சரியில்லன்னு சொல்ல நாலு பேர் வருவாங்க" என்றார்.

இந்தப் பாடத்தை வைத்துக்கொண்டுதான் என் உத்தியோகக் காலம் முழுவதும் பிழைத்தேன். தியாகதுருகம் பக்கம் வேலை செய்தபோது, யாரிடமும் மதம் என்ன என்று கேட்டதில்லை. பிள்ளைக்கு ஜுரம் வந்தால் முதலில் எங்கே தூக்கிக்கொண்டு போவீர்கள், அப்புறம் எங்கே என்றுதான் கேட்டேன். ஆஸ்பத்திரியில் தொடங்கி, வேப்பிலை அடிக்கிற கோயில், தண்ணீர் ஓதித் தருகிற பள்ளிவாசல், எண்ணெய் பூசி ஜெபிக்கிற சபை என்று ஒவ்வொரு தாயும் ஒரு சுற்றுப் பாதை சொன்னாள். அந்தப் பாதைகளை வரைந்தே ஒரு புத்தகம் எழுதினேன். அதை யாரும் வாங்கவில்லை என்பது வேறு விஷயம்.

இனி உப்புக் கதை.

மணலூர்பேட்டைக்குக் கொஞ்ச தூரத்தில், பெண்ணையாற்றங்கரையில் ஒரு ஊர். நெல்லும் கரும்பும். அங்கே ஆடி மாதம் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டி, கடைசி நாளில் முனீஸ்வரனுக்குக் கிடா வெட்டிப் பொதுப் பந்தி போடுவார்கள். சாமிக்கு விட்ட கிடாக்களைப் பூசாரி வெட்டுவார். அவற்றோடு சேராமல், சாமிக்கென்று நேர்ந்துவிடாத ஆடு ஒன்றைத் தனியாகத் தோப்புப் பக்கம் கட்டியிருப்பார்கள். அதை அந்த ஊர்க் காதர் பாய் ஓதி அறுப்பார். அது தனிச் சட்டியில் வேகும். ஊரில் இருந்த முஸ்லிம் குடும்பத்தார் அதைச் சாப்பிடுவார்கள். எல்லாருக்கும் ஒரே தோப்பு, ஒரே பந்தி. காதர் பாயும் கோயில் தர்மகர்த்தா ஏழுமலையும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சுக்காரர்கள். பந்தியில் எதிரெதிரே உட்கார்ந்து ஒருவரை ஒருவர் கிண்டல் செய்யாவிட்டால் அவர்களுக்குச் சோறு இறங்காது.

அந்த ஊரில் தேனும் பாலும் ஓடியது என்று நான் சொல்லவில்லை. காலனிக்காரர்களுக்கு அப்போது அந்தப் பந்தியில் கடைசி வரிசைதான். அதை எழுதியதற்காக ஊரில் சிலர் இன்னும் என்னோடு பேசுவதில்லை. இந்த இடத்தில்தான் செல்வியின் மாணவி ஒருத்தி என்னை மடக்கினாள். "அதையும் ஏன்னு கேக்கக் கூடாதா மேடம்?" கேட்க வேண்டும் கண்ணே, மேளம் கொட்டிக் கேட்க வேண்டும். ஒருவரை எழுப்பிக் கடைசியில் உட்காரவைக்கிற பழக்கத்துக்குக் காரணம் சொல்லத் தெரியாமல் அவர்கள் முழிக்க வேண்டும். எங்கே இருமுவது, எங்கே கேட்பது என்று தெரிவதற்குத்தான் அத்தனை வருஷம் படிக்க வேண்டியிருக்கிறது.

செல்வி அந்த ஊரில் ஆய்வுக்காகத் தங்கியிருந்தாள். கெட்டிக்காரி, சுறுசுறுப்பு, என் இருமலுக்கு எட்டாத தூரம். ஒரு ஆடித் திருவிழாவில், ஏழுமலையின் மகன் முருகனிடம், "பாய் ஏன் உங்க திருவிழாவுல ஆடு அறுக்கறாரு?" என்று கேட்டுவிட்டாள். அவன் அதுவரை அதை யோசித்ததே இல்லை. படித்த பெண் கேட்கிறாளே, சும்மா இருக்கக் கூடாது என்று, "நாங்க பெரிய மனசு பண்ணி எடம் குடுத்திருக்கறோம்" என்றான். அதே கேள்வியைக் காதர் பாயின் மருமகனிடமும் கேட்டாள். அவர் வெளியூர்க்காரர், விருந்துக்கு வந்தவர். அவரும் யோசித்து, "ஓதி அறுத்தாத்தான் சுத்தம்னு அவங்களே ஒத்துக்கினாங்க" என்றார். இரண்டும் அந்த நேரத்துக்குச் செய்த பதில்கள். ஆனால் ஊரில் டீக்கடை என்று ஒன்று இருக்கிறதே. இவன் சொன்னது அவருக்கும், அவர் சொன்னது இவனுக்கும் கையும் காலும் முளைத்துப் போய்ச் சேர்ந்தன.

அடுத்த ஆடிக்கு முன்னால் முருகனும் அவன் கூட்டாளிகளும், இந்த வருஷம் தனிச் சட்டி கிடையாது என்றார்கள். மருமகன் காதர் பாயிடம், இனி அந்தப் பக்கம் போகவே கூடாது என்றார். எங்கள் மரியாதையைக் கெடுத்தால் நாங்களும் சும்மா இருக்க மாட்டோம் என்று இரண்டு பக்கமும் பேச்சு ஏறியது. அமைதிப் பேச்சுவார்த்தைக்கு வரச்சொல்லி தாசில்தார் ஆள் அனுப்பினார். ஊரைப் பற்றி எழுதியவள் என்பதால் என்னையும் அழைத்தார்கள். செல்வி என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். முகம் வீங்கியிருந்தது. "நான் ஆராய்ச்சிய விட்டுடறேன் மேடம்" என்றாள். "முதல்ல மூஞ்சியக் கழுவு. அப்புறம் விடலாம்" என்றேன்.

தாலுக்கா ஆபீசில் ஒரு நீள மேஜை. ஒரு பக்கம் ஏழுமலை, முருகன், பூசாரி, ஊர்ப் பெரியவர்கள். எதிர்ப்பக்கம் காதர் பாய், அவர் மருமகன், பள்ளிவாசல் ஜமாத்தில் இருந்து சிலர். ஏழுமலையும் காதர் பாயும் எதிரெதிரேதான் உட்கார்ந்திருந்தார்கள், பந்தியில் உட்காருவதுபோல. ஆனால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. ஏழுமலை மேஜையைத் துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தார். காதர் பாய் குல்லாவைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார். அறுபது வருஷத்துச் சினேகம் என் கண்ணெதிரே அறுந்துகொண்டிருந்தது.

தாசில்தார் நல்ல மனுஷர், அவசரக்காரர். "மேடம், இந்த வழக்கம் எத்தன வருஷமா இருக்கு, எதுக்காக ஏற்பட்டதுன்னு ஒரு பக்கம் எழுதிக் குடுத்துடுங்க. அதவச்சி நான் ஒரு உத்தரவு போட்டுடறேன்" என்றார். வெள்ளைத் தாளையும் பேனாவையும் என் பக்கம் நகர்த்தினார்.

எனக்குப் பயமாகிவிட்டது. பழைய வழக்கம் என்று எழுதினால் ஒரு பக்கத்துக்கு உரிமைப் பத்திரம். அப்படியில்லை என்று எழுதினால் மறுபக்கத்துக்குத் தடை உத்தரவு. எதை எழுதினாலும் அடுத்த வருஷம் தோப்பில் சட்டி இருக்காது, போலீஸ்தான் இருக்கும். சார் அப்போது உயிரோடு இல்லை. நான் தாளைத் தொடாமல், "எழுதறதுக்கு முன்னால எனக்குச் சில சந்தேகம் இருக்குது சார், கேட்டுக்கலாமா?" என்றேன். பொட்டுக்கடலை மட்டும்தான் இல்லை.

முருகன் எடுத்த எடுப்பில், "டீச்சரம்மா, ஏன் அவங்க தனியா…" என்று ஆரம்பித்தான். நான் இருமினேன். தாசில்தார் தண்ணீர் தரச் சொன்னார்.

"ஆட்ட யாரு புடிச்சிக்கினு வர்றது?" என்று கேட்டேன்.

"நான்தான்" என்றான் முருகன், வேண்டாவெறுப்பாக.

"அப்புறம்?"

"பாய் வூட்டாண்ட போயி அவரக் கூட்டிக்கினு தோப்புக்குப் போவோம்."

"கத்தி?"

"கத்தி அவருது. சாண புடிக்கிறது எங்க பட்டறையில" என்றார் ஏழுமலை, மேஜையைப் பார்த்தபடி.

"வெறகு?"

"எங்க கொல்லையில இருந்து போவும்" என்றார் காதர் பாய். "எல்லா அடுப்புக்கும்."

இப்படியே போனது. சூடு கொஞ்சம் தணிந்த மாதிரி இருந்தது, ஆனால் மருமகன் கையைக் கட்டிக்கொண்டு அசையாமல் இருந்தார். முருகனும் அப்படித்தான். நான் அடுத்த கேள்விக்குப் போனேன். சத்தியமாக, அதில் என்ன இருக்கிறது என்று தெரிந்து கேட்கவில்லை. வரிசைப்படி அதுதான் அடுத்தது, அவ்வளவுதான்.

"சமையல்ல உப்பு யாரு பாக்கறது?"

இந்தப் பக்கம் அந்தப் பக்கத்தைப் பார்த்தது. ஏழுமலை பூசாரியைப் பார்த்தார். பூசாரி கூரையைப் பார்த்தார். மேஜையில் இருந்த உள்ளூர் ஆம்பிளைகள் அத்தனை பேரும் பிறந்ததிலிருந்து அந்தப் பந்தியில் சாப்பிட்டவர்கள். ஒருவருக்கும் தெரியவில்லை.

"அதெல்லாம் பொம்பளைங்க சமாச்சாரம்" என்றார் ஒருவர்.

"அப்ப அவங்களக் கேக்கலாமே" என்றேன்.

தேடிப் போக வேண்டியிருக்கவில்லை. ஊரிலிருந்து டிராக்டர் ஏறி வந்த பெண்கள் ஆபீஸ் வளாகத்துப் புங்க மரத்தடியில்தான் உட்கார்ந்திருந்தார்கள். ஏழுமலையின் மனைவி பச்சையம்மாளும் காதர் பாயின் மனைவி ஹவ்வா பீயும் உள்ளே வந்தார்கள். நாற்காலி போட்டும் உட்காரவில்லை. ஒருவர் பக்கத்தில் ஒருவர் நின்றார்கள். அதே கேள்வியைக் கேட்டேன்.

பச்சையம்மாள் சிரித்துவிட்டார். "இதுக்கா இம்மாம் பெரிய ஆபீசு? ஹவ்வாக்காதான் பாக்கும்."

"அவங்க சட்டிக்கு அவங்க பாப்பாங்க. கோயில் அண்டாக்களுக்கு?"

"அண்டாவுல எப்படிம்மா பாக்கறது? சாமிக்குப் படைக்கிறதுக்கு முன்னாடி எச்சில் பண்ணலாமா? அதுக்குத்தான மொதல்ல இவங்க சட்டிய ஏத்தறது. அது சாமிக்குப் போற கறி இல்ல. ஹவ்வாக்கா அதுல வாய வச்சிப் பாத்து, இந்த வருசம் இத்தினி கை உப்புன்னு சொல்லும். அதே கணக்குல நாங்க அண்டாவுல போடுவோம்."

"வருஷா வருஷம் ஒரே அளவுதானே, மனப்பாடமாப் போட்டுட முடியாதா?" என்றார் தாசில்தார். அவருக்கும் ஆர்வம் வந்துவிட்டது.

"ஆத்தங்கரைக் கெணறு சார்" என்றார் ஹவ்வா பீ. "ஒரு வருசம் தண்ணி இனிக்கும், ஒரு வருசம் கரிக்கும். வாயில வச்சாத்தான் தெரியும்."

"அப்படின்னா நீங்களே ஒரு சின்னச் சட்டி தனியா வச்சிப் பாத்துக்கலாமே?" என்று தாசில்தார் பச்சையம்மாளைக் கேட்டார்.

"ஊரே காப்புக் கட்டிக்கினு இருக்குது சார். படையல் ஆவற வரைக்கும் எங்கள்ல ஒருத்தரும் கறிய வாயில வைக்க முடியாது." பிறகு பச்சையம்மாள் தன் மகன் பக்கம் திரும்பினார். "டேய் முருகா, தனிச் சட்டி வாணாம்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு திரியறியாமே. உப்பு யாருடா பாக்கறது? நீ பாக்கறியா, காப்போட?"

யாரோ ஒருவர் களுக்கென்று சிரித்தார். ஹவ்வா பீ மருமகனைப் பார்த்து, கோபமே இல்லாமல், "வருசா வருசம் அம்மாம் சனத்துக்கும் என் நாக்குதான் உப்பு சொல்லிக்கினு இருக்குது. அந்தப் பக்கம் போவாதன்னா, அன்னிக்கி ஊரே சப்புன்னு துன்னணுமா?" என்று கேட்டார். மருமகன் கட்டியிருந்த கையை அவிழ்த்தார்.

ஏழுமலை அப்போதுதான் தலையைத் தூக்கினார். நேராகக் காதர் பாயைப் பார்த்து, "இத்தினி வருசமா உன் பொண்டாட்டி நாக்குக்குத்தான் நான் சாப்ட்டுக்கினு இருக்கறனா? அதான் போன வருசம் உப்பு ஜாஸ்தியா இருந்துச்சி" என்றார்.

"உனுக்குக் கொழுப்பு ஜாஸ்தி. உப்பு சரியாத்தான் இருந்துச்சி" என்றார் காதர் பாய்.

இரண்டு பேருக்கும் கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான். இதை எழுத வெட்கம் ஒன்றும் இல்லை.

கேட்டதையெல்லாம் வரிசையாகத் திருப்பிச் சொன்னேன். ஆடு, கத்தி, விறகு, சட்டி, உப்பு. இரண்டு இடத்தில் பெண்கள் திருத்தினார்கள். கடைசியில் எல்லோரும் "ஆமா, அப்படித்தான்" என்றார்கள். தாசில்தார் தாளைப் பார்த்தார். இதில் ஒரு எழுத்தும் எழுதாதீர்கள் என்று கேட்டுக்கொண்டேன். உப்புக்கு இன்னார்தான் பொறுப்பு என்று அரசாங்கம் எழுதிவிட்டால், அப்புறம் அந்தப் பதவிக்கும் போட்டி வரும். அவர் சிரித்து, "வழக்கம்போல்" என்று ஒரே சொல் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்த அதிகாரிக்கு நான் இன்றும் நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒரு சொல்லோடு நிறுத்தத் தெரிந்தவர்கள் உத்தியோகத்தில் குறைவு.

அந்த ஆடிக்கு முருகன் ஆட்டை இழுத்துக்கொண்டு பாய் வீட்டு வாசலில் போய் நின்றான். காதர் பாய் வெளியே வந்து அவனை ஏற இறங்கப் பார்த்தார். "வாங்க மாமா" என்றான் முருகன், தரையைப் பார்த்து. "இர்றா, சட்டய மாத்திக்கினு வர்றன்" என்றார். செல்வி இதைத் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஆராய்ச்சியை விடவில்லை. என்னைவிட நன்றாக எழுதினாள்.

காதர் பாய் இப்போது இல்லை. அவர் மகன் அறுக்கிறார். காலனிக்குக் கடைசி வரிசை என்பதும் இப்போது இல்லை. அதற்குச் சண்டை போட்டவர்களின் கதை பெரியது, அதை அவர்களே எழுதட்டும். நான் ஓய்வு பெற்ற பிறகும் ஆடிதோறும் எனக்கு ஆள் வரும். அழைப்பிதழ் எல்லாம் கிடையாது. முருகன் போன் போட்டு, "டீச்சரம்மா, கெளம்பிட்டீங்களா?" என்பான். சம்பளம் வாங்கிக்கொண்டு ஜனங்கள் வீட்டில் சாப்பிட்டு, அவர்கள் பேசியதை எழுதிப் பட்டமும் வாங்கிய எனக்கு, கடைசியில் போய் உட்கார ஒரு தோப்பும் கிடைத்திருக்கிறது. வேறு என்ன வேண்டும்?

இந்த ஆடிக்குச் செல்வியும் மாணவர்களும் கூட வந்தார்கள். கணினியைப் பைக்குள்ளேயே வைத்திருந்தார்கள். அடுப்புகள் மூட்டியாயிற்று. தனிச் சட்டி கொதித்தது. ஹவ்வா பீ நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், பச்சையம்மாள் பக்கத்தில் மரத்தில் கடைந்த உப்பு மரவையோடு நின்றார். ஹவ்வா பீயின் மருமகள் கரண்டியில் குழம்பை எடுத்து ஆற்றிக் கொடுத்தாள். அவர் வாயில் வைத்தார், உதட்டைப் பிதுக்கினார்.

"நாக்கு செத்துப்போச்சி. ஒண்ணும் தெரியல" என்றார். மருமகள் கரண்டியோடு நின்றாள். பச்சையம்மாள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஹவ்வா பீ என் பக்கம் திரும்பினார்.

"டீச்சரம்மா, கைய நீட்டு."

நீட்டினேன். காப்பு இல்லாத கை. உள்ளங்கையில் குழம்பு சுட்டது. எனக்குப் பின்னால் ஒரு மாணவி, "ஏன் மேடத்துக்கிட்ட…" என்று ஆரம்பித்தாள். நான் இருமுவதற்குள் செல்வி இருமிவிட்டாள்.

நக்கிப் பார்த்தேன். இந்த வருஷம் கிணற்றுத் தண்ணீர் இனிப்பு. "இன்னும் அரைக் கை போடலாம்" என்றேன். பச்சையம்மாள் மறுபேச்சுப் பேசாமல் அரைக் கை அள்ளிச் சட்டியில் போட்டு, அதே கணக்கில் அண்டா அண்டாவாகப் போட்டுக்கொண்டு போனார்.

படையல் முடிந்து பந்தி போட்டார்கள். நான் சாப்பிடவே இல்லை, ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசி இலை எடுக்கும்வரை உப்பைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை.